வாங்குகிறவர் தலை குனியாத ஈகை

1801ஆம் ஆண்டு தொடக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆங்கிலக் கம்பெனியின் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நாட்டின் ஆட்சி அவர் கையை விட்டுப் போயிருந்தது. அந்தக் கடிதத்தில் அவர் மன்றாடியது சத்திரங்களுக்காக. ராமேசுவரம் போகும் சாலையில் அவருடைய முன்னோர் கட்டிவைத்த சத்திரங்களில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பதை அதிகாரிக்குப் புரியும்படி விவரித்தார். எந்தச் சாதியைச் சேர்ந்த வழிப்போக்கர் வந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் கொடுக்கப்படும். பயணத்தைத் தொடர முடியாமல் போனவர்களுக்கு அவர்கள் தங்கும் நாள் வரைக்கும் உணவு. நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். இதுவரை சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று அறிவிக்கப்படும்.

அந்த மணியை ஏற்பாடு செய்தவர் யார் என்று தெரியாது. ஆனால் பசியை நன்றாக அறிந்த ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும். நேரங்கழித்து வந்து சேர்ந்தவன், பந்தி முடிந்துவிட்டதைப் பார்த்ததும் திண்ணையில் சுருண்டு படுத்துக்கொள்வான். அடுப்பை அணைத்துவிட்டுப் போன சமையற்காரரை எழுப்பிச் சோறு கேட்க அவனுக்கு மனம் வராது. மணி அடித்துவிட்டால் அவன் கேட்க வேண்டியதில்லை. சத்திரமே அவனைக் கூப்பிடுகிறது.

ஈகையின் மதிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கொடுப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொடுத்தால் மனம் நிறையும், புண்ணியம் சேரும், பெயர் நிலைக்கும் என்கிறோம். இப்போது ஆராய்ச்சியும் அதற்குத் துணை நிற்கிறது. 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்குச் சிறு தொகை கொடுத்து அன்றைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தனக்காகச் செலவழித்தவர்களைவிடப் பிறருக்காகச் செலவழித்தவர்கள் மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்ததாகத் தெரிவித்தார்கள். கையில் கிடைத்தது 5 டாலரா, 20 டாலரா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நல்ல செய்திதான். ஆனால் பாதிச் செய்தி. ஒரு கொடை எவ்வளவு நல்லது என்பதை வாங்கியவரின் பக்கம் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பது என் உறுதியான எண்ணம். வாங்கியவர் நாளைக்கும் தெருவில் நம் முகத்தை நேராகப் பார்த்து நடக்க முடிகிறதா? நம் ஊர்களில் நீண்டகாலம் நிலைத்த கொடை வழக்கங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு வகையில் விடை கண்டு வைத்திருக்கின்றன.

முதலில் அடுத்த வீட்டு வாசலிலிருந்து தொடங்கலாம். உறை ஊற்ற மோர் இல்லை, ஒரு ஆழாக்கு சர்க்கரை குறைகிறது, திடீரென்று விருந்தாளி வந்துவிட்டார்கள், அரிசி போதவில்லை என்றால் கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவது நேற்றுவரை எல்லாத் தெருக்களிலும் இருந்தது, இன்றும் பல தெருக்களில் இருக்கிறது. வாங்கிய கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. இரண்டு வாழைக்காயோ, கொஞ்சம் ஊறுகாயோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். பழக்கத்தில் அது ஒரு சாத்திரம்போல ஆகிவிட்டது. அதன் வேலை என்ன என்று பாருங்கள். வாங்கியவள் இரண்டே நாளில் கொடுத்தவளாகிறாள். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று இரண்டு வீட்டாராலும் சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது. அந்தக் குழப்பமே உறவு.

இது இன்று நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 163ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுகிறார். முதிர மலைக்குத் தலைவனான குமணனிடம் பெரும் பரிசு பெற்று வீடு திரும்பியிருக்கிறார். வீட்டில் அதுவரை கடும் வறுமை. எவரும் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு, இதை எத்தனை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பார்ப்பார்கள். அவரோ, உன்னை விரும்பி வாழ்பவர்களுக்கும், நீ விரும்புகிறவர்களுக்கும், உன் சுற்றத்தாருக்கும், நம் குடும்பத்தின் பசி தீர உனக்கு அளந்து கடன் கொடுத்தவர்களுக்கும் கொடு என்கிறார். 'இன்னோர்க்கு என்னாது, என்னொடும் சூழாது', அதாவது இன்னாருக்கு என்று பார்க்காமல், என்னையும் கலந்து கேட்காமல், எல்லோருக்கும் கொடு. அந்தப் பட்டியலில் படியளந்து கடன் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு இடம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். குமணனின் யானைப் பரிசுகள் இலக்கியத்தில் நின்றுவிட்டன. அந்தக் குடும்பத்தை அதுவரை உயிரோடு வைத்திருந்தது தெருப் பெண்கள் அளந்த அரிசி. கவிஞர் அதை மறக்கவில்லை. வீட்டுக்காரி தன்னைக் கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்வது இன்னொரு பெருந்தன்மை. இன்றைக்கும் பல வீடுகளில் ஒரு படி அரிசி எடுத்துக் கொடுக்கப் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை.

இதே பெருஞ்சித்திரனார் ஒரு பரிசை மறுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடிப் போனபோது, அவன் நேரில் பார்க்காமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று புலவர் திருப்பிவிட்டார். மதித்து, தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்றார். வீட்டில் பசி இருக்கும்போது பேசிய பேச்சு இது. வறியவனுக்கு மானம் பிறகு, சோறு முதலில் என்று வசதியுள்ளவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வறியவர்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இங்கே ஒரு முரண் இருப்பதுபோலத் தோன்றும். நள்ளிரவு மணி, வாங்குகிறவர் யாரென்று கேட்காமல் சோறு போடுகிறது. அது நல்லது என்றேன். புலவரோ, யாரென்று பார்க்காமல் கொடுத்ததற்காகக் கோபப்படுகிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. புலவர் தம் புலமையோடு வந்தவர். புலமையைப் பார்க்காமல் கொடுத்தால் அவரை வெறும் இரவலனாக்கிவிடுகிறது. பசியோடு வந்தவனை அவன் பசிக்காக உற்றுப் பார்ப்பதுதான் அவனை இரவலனாக்குகிறது. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட வேண்டும் என்று தெரிவதே கொடுப்பவர் கற்க வேண்டிய பாடம். 'இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல்' என்ற குறளுக்கு உரைகாரர்கள் பலவாறு பொருள் சொல்லியிருக்கிறார்கள். வந்தவன் 'இல்லை' என்ற சொல்லைத் தன் வாயால் சொல்ல நேரும் முன்பே கொடுத்துவிடுவது என்பது அவற்றில் ஒன்று. எனக்கு அதுவே நெருக்கமான பொருள்.

வடலூருக்கு இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு. 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அவர் மூட்டிய அடுப்பு அன்றிலிருந்து இன்றுவரை அணையவில்லை. பசித்தவரின் ஊர், சாதி, சமயம், ஒழுக்கம் எதையும் விசாரிக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. அவர் சீவகாருண்யத்தைப் பற்றி எழுதியதிலும் பசி வந்தவனுக்கு உடம்பிலும் அறிவிலும் என்னென்ன நேர்கிறது என்பதே பக்கம் பக்கமாக வருகிறது. பசியை ஒரு வைத்தியர் நோயைப் பார்ப்பதுபோல் பார்த்தவர் அவர். அடுப்பு அணையாமல் இருப்பதை ஓர் அற்புதமாகச் சொல்வதைவிட, அது எப்படி எரிகிறது என்று சொல்வது பயன் தரும். சுற்று வட்டாரத்து விவசாயிகள் அறுவடையில் ஒரு பங்கு நெல்லை அனுப்புகிறார்கள். காய்கறிக்காரர்கள் மூட்டை கட்டி இறக்கிவிட்டுப் போகிறார்கள். வெளியூரிலிருந்து அரிசி வருகிறது, பணம் வருகிறது. எல்லாம் ஒரே கிடங்கில் சேர்ந்து, ஒரே உலையில் விழுகின்றன. சாப்பிடுகிறவருக்குத் தன் இலையில் இருப்பது எவர் வீட்டு அரிசி என்று தெரியாது. அரிசி கொடுத்தவருக்கும் அதைத் தின்றவர் முகம் தெரியாது. நடுவில் ஒரு நிறுவனம் நிற்பதால் இரண்டு பக்கமும் சுமையில்லாமல் இருக்கின்றன.

ரமலான் மாதத்தில் தமிழகத்துப் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி இதைவிடவும் நுட்பமானது என்று எனக்குத் தோன்றுகிறது. மதியமே பெரிய அண்டாக்களில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் கொதிக்கத் தொடங்கிவிடும். புதினா, மல்லித்தழை, தேங்காய்ப்பால் சேரும். வசதிப்பட்ட நாளில் கொத்துக்கறியும் சேரும். அஸர் எனப்படும் பிற்பகல் தொழுகை முடியும் நேரத்தில் வாசலில் தூக்குவாளிகளோடு வரிசை நிற்கும். ஒவ்வொரு நாளின் செலவையும் ஜமாஅத்தில் யாராவது ஏற்றுக்கொள்கிறார்கள். அரசும் அரிசி கொடுக்கிறது. அந்த வரிசையில் ஜவுளிக்கடை முதலாளியின் மகன் நிற்கிறான், கடையில் மூட்டை தூக்குகிறவரின் மகளும் நிற்கிறாள். அக்கம்பக்கத்து இந்து வீடுகளிலிருந்தும் கிறிஸ்தவ வீடுகளிலிருந்தும் பாத்திரம் வரும். நோன்பு திறக்க எல்லோருக்கும் அதே கஞ்சி வேண்டும். அன்றிரவு அந்தக் கஞ்சியையே முழு உணவாக நம்பியிருக்கும் குடும்பம் எது என்று வரிசையைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. வசதியுள்ளவரும் வாங்கிக்கொள்வதாலேயே இது நடக்கிறது. 'நமக்கு எதற்கு, ஏழைகளுக்குப் போகட்டும்' என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் அந்த வரிசை அடுத்த ஆண்டே ஏழைகள் வரிசையாகிவிடும். பலர் வருவதை நிறுத்திவிடுவார்கள். வாங்கிக்கொள்வதும் சில நேரங்களில் ஒரு கொடைதான்.

பள்ளிக்கூடச் சத்துணவுக்கும் இதே வரலாறு. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் பி. தியாகராயர் பொறுப்பில் இருந்தபோது, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மாணவருக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அரசின் பணத்தோடு ஊராரின் நெல்லும் காய்கறியும் விறகும் சேர்ந்தே உலை கொதித்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவும் சேர்ந்தது. ஊரார் கொடையாகத் தொடங்கியது மெல்ல மெல்லக் குழந்தையின் உரிமையாகிவிட்டது. இதனால் மக்களிடம் ஈகைக் குணம் குறைந்துபோகும் என்று சிலர் வருந்துவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு குழந்தை யாருக்கும் நன்றி சொல்லாமல் தட்டை நீட்டிச் சாப்பிட்டுவிட்டு விளையாட ஓடுகிறது என்றால், 1956இல் ஒரு மரக்கால் நெல் கொடுத்த விவசாயியின் கொடை முழுமை அடைந்துவிட்டது என்றே பொருள்.

இந்தப் பக்கத்தைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. சோறு போடும் இடத்திலேயே மனிதரைச் சிறுமைப்படுத்திய வரலாறும் நம்முடையதுதான். எத்தனையோ அன்னதானங்களில் பந்தி பிரித்துத்தான் இலை போட்டார்கள். எச்சில் இலை எடுத்த பிறகு மிஞ்சியதை வாசலில் நிற்கிறவர்களுக்குக் கொடுத்ததையும் தர்மம் என்றே எழுதிக்கொண்டார்கள். 1922இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி உட்படப் பலதரப்பட்டவர்களின் நன்கொடை வந்தது. அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது தெரியவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் போர்க்கொடி தூக்கினார்கள். தமிழக அரசியலின் போக்கே அதனால் மாறியது. அங்கே எவரும் பட்டினி கிடக்கவில்லை. எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. பந்தியில் உட்கார்ந்த இடம்தான் பிரச்சினை. அந்தச் சிறுவர்களின் மனதில் தங்கியது சோற்றின் ருசியா, தனி இலையா என்று கேட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கணக்கு வைத்துக்கொண்டு கொடுப்பதை ஈகையில் சேர்க்கலாமா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்து மொய் விருந்து அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆடியிலும் ஆவணியிலும் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டு ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். தொகை நோட்டில் ஏறும். மொய் எழுதியவர் தன் முறை வந்து விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அந்தத் தொகையோடு மேலும் கொஞ்சம் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒருவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் விருந்து வைக்க முடியும். கண்டிப்பாகப் பார்த்தால் இது கடன். ஆனால் அடகு வைக்க நகை இல்லாத ஒருவர், கந்துவட்டிக்காரர் படியேறாமல், ஆழ்துளைக் கிணறு போடவும் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யவும் ஒரே நாளில் பெருந்தொகை பெறுகிறார். அதையும் கறிச்சோறு போட்டு, வாசலில் நின்று வரவேற்று, தலை நிமிர்ந்து பெறுகிறார். இதன் குறையும் கண்ணெதிரே இருக்கிறது. திருப்பிச் செய்ய வழியில்லாதவருக்கு அந்த நோட்டில் இடமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்தபோது பல குடும்பங்கள் மொய் செய்ய முடியாமல் தவித்தன. எல்லோரும் ஒன்றாக விழும்போது பரிமாற்றத்தால் பயனில்லை. அங்கேதான் கணக்கில்லாத ஈகை வேண்டியிருக்கிறது.

கணக்கில்லாத ஈகைக்குப் பெரிய மனது வேண்டும், நிறையப் பணம் வேண்டும் என்ற எண்ணமே பலரைத் தடுத்துவிடுகிறது. பிடி அரிசி வழக்கம் அதற்கு மறுப்பு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவது. வாரக் கடைசியில் தெருவில் ஒருவர் வந்து சேர்த்துக்கொண்டு போவார். காஞ்சிப் பெரியவர் இதை ஊர் ஊராக வலியுறுத்தினார். மிசோரமில் கிறிஸ்தவப் பெண்கள் நூறாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். அந்த அரிசியை விற்ற பணம் அங்குள்ள திருச்சபையின் வருவாயில் கணிசமான பங்கு. ஒரு பிடி குறைவதால் வீட்டில் யாருக்கும் சோறு குறையாது. கொடுக்கலாமா வேண்டாமா என்று நாள்தோறும் மனத்தோடு போராட வேண்டியதும் இல்லை. கை தானாகப் பானைக்குப் போய்விடும். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் வங்கியில் ஒரு சிறு தொகை தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டாலும் அதே பலன்தான். ரத்த தானமும் இந்த வகையே. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கால் மணி நேரம். கொடுத்தவரும் பெற்றவரும் சந்திப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பால் 1998 தொடக்கத்திலிருந்து ரத்தத்தை விலைக்குக் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. இன்று அறுவை அரங்கில் ஏறும் ஒவ்வொரு யூனிட் ரத்தமும் யாரோ ஒருவர் கையை நீட்டிக் கொடுத்தது.

இப்போது நம்மிடையே பெருகியிருக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போடுகிறார்கள். எண்ணம் மிக நல்லது. ஆனால் நடப்பதைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். குழந்தைகள் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். கொடையாளர் குடும்பம் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் தாமதமாக வரும். அதுவரை யாரும் கை வைக்க மாட்டார்கள். வந்ததும் பிறந்தநாள் பாட்டு, அவர்களுக்காக ஒரு பிரார்த்தனை, பிறகு பரிமாறுவதுபோல் ஒரு புகைப்படம். அந்தக் குடும்பத்துச் சிறுவனுக்குச் சரியாகத் தன் வயதொத்த ஒருவன் நன்றி சொல்வான். மறுநாள் இன்னொரு குடும்பம், அதே பாட்டு. வருடத்தில் எத்தனை முறை தன் தட்டுக்கு முன்னால் இன்னொருவருக்காகக் கை கூப்ப வேண்டும் என்று அந்தப் பையன் எண்ணியிருக்க மாட்டானா? பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் படத்தை எடுக்க நமக்குக் கை வரக் கூடாது.

கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கொடுக்கும் முறையை மாற்றச் சொல்கிறேன். இல்லத்தின் காப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, இந்த மாதம் எது குறைகிறது என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி மூன்று இடத்திலிருந்து வந்துவிடும். புதன்கிழமை இரவுக்கு ஆள் இருக்காது. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் குவிந்துவிடும். பத்தாம் வகுப்புத் தேர்வுக் காலத்தில் சிறப்பு வகுப்புக் கட்டணம் கட்ட ஆள் இருக்காது. பெண் குழந்தைகள் இல்லமென்றால் நாப்கின் எப்போதும் போதாது. மளிகைக் கடையில் இல்லத்தின் பாக்கி எவ்வளவு என்று கேட்டு அதில் ஒரு பகுதியை நேராகக் கடைக்காரரிடம் கட்டிவிடலாம். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பினால், எட்டு மணிக்கு வழக்கம்போல் மணி அடிக்கும், குழந்தைகள் சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படிக்கப் போவார்கள். நீங்கள் அங்கே இருக்க வேண்டியதே இல்லை.